குவாலியருக்கு வாய்த்த காந்தம்

தில்லியில் கூட்டம் தாங்கவில்லை என்றால், தில்லிக்கு வெளியே ஏதாவது செய்தாக வேண்டும். 1985ல் நாடாளுமன்றம் தேசியத் தலைநகர் மண்டலத் திட்ட வாரியச் சட்டத்தை நிறைவேற்றியதன் பின்னே இருந்த கணக்கு இதுதான். பிறகு வந்த மண்டலத் திட்டம் எண்ணிக்கையோடு பேசியது. 2001ல் தலைநகரின் மக்கள்தொகை 132 லட்சத்தை எட்டும். அதை 112 லட்சத்தில் நிறுத்த வேண்டும். மிச்சம் 20 லட்சம் பேர்? அக்கம்பக்கத்து ஊர்கள் கொஞ்சம் ஏற்கும். தில்லிக்குக் கிளம்புகிறவர்களை வழியிலேயே ஈர்த்துக்கொள்ளத் தொலைவில் ஐந்து நகரங்கள்: ஹிசார், பரேலி, கோட்டா, பாட்டியாலா, குவாலியர். இவற்றுக்கு 'கவுண்டர் மேக்னட்' என்று பெயர். அதாவது, எதிர்க்காந்தம்.

குவாலியருக்கு இது ஆறுதல் பரிசு. சிந்தியாக்களின் தலைநகராக இருந்த ஊர் அது. சுதந்திரத்துக்குப் பின் மத்திய பாரதத்தின் குளிர்காலத் தலைநகர். 1956ல் மத்தியப் பிரதேசம் உருவானதும் அந்த அந்தஸ்து போபாலுக்குப் போய்விட, வருவாய் வாரியம், உயர் நீதிமன்றக் கிளை என்று கிடைத்ததை வைத்துத் திருப்திப்பட வேண்டியதாயிற்று. இப்போது டெல்லியே கூப்பிட்டுப் பட்டம் கொடுக்கும்போது யார் வேண்டாம் என்பார்கள்?

1992ல் இதற்கென்றே 'ஸாடா' என்ற தனி ஆணையம் அமைந்தது. நகருக்கு மேற்கே, திக்ரா அணையின் பக்கம் (விஸ்வேஸ்வரய்யாவின் தானியங்கி மதகுகள் பொருத்தப்பட்ட அதே அணைதான்) புதிய நகரத்துக்கு இடம் பார்த்தார்கள். சாலைகள் போட்டார்கள். வீடுகள் கட்டினார்கள். ஆட்கள்தான் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்தும் அந்தப் பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்காகவே பேசப்பட்டது.

வேலை இல்லாத இடத்துக்கு வீட்டை நம்பி யார் வருவார்கள்? அதே 1992ல்தான் குவாலியரின் அடையாளமாக இருந்த ஜியாஜிராவ் பருத்தி ஆலை மூடப்பட்டது. ஊரின் ஒரு கோடியில் ஆலைத் தொழிலாளர்கள் பிழைப்பை இழந்து நிற்க, மறுகோடியில் இனிமேல் வரப்போகிறவர்களுக்காக மனை அளந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கோப்புகளையும் யாரும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தில்லி தன் பங்குக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. மத்திய அரசு அலுவலகங்களை வெளியூர்களுக்கு மாற்றும் யோசனை திட்டத்திலேயே இருந்தது. பெரும்பாலும் அது அங்கேயே தங்கிவிட்டது. முதலீட்டாளர்களுக்கோ எல்லையைத் தாண்டியதும் குர்காவ்ன், நொய்டா. 300 கிலோமீட்டர் போவானேன்? நாட்டின் முதல் சதாப்தி ரயில் 1988ல் இந்தத் தடத்தில்தான் ஓடத் தொடங்கியது. காலையில் குவாலியருக்கு வந்து வேலையை முடித்துக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு தில்லி திரும்பிவிடலாம். குடியேற வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பெட்டியோடு வேலை தேடிக் கிளம்பும் குவாலியர் இளைஞனுக்கும் அதே தண்டவாளம்தான்.

2001 வந்தது. தில்லியின் மக்கள்தொகை 138 லட்சம். திட்டமே இல்லாவிட்டால் எவ்வளவு ஆகும் என்று பயந்தார்களோ, அதைவிட 6 லட்சம் அதிகம். வாரியம் சளைக்கவில்லை. எதிர்க்காந்தங்களின் பட்டியலைப் பின்னர் நீட்டியது: அம்பாலா, டேராடூன், ஜெய்ப்பூர். ஆலைகளைப் பறிகொடுத்த இன்னோர் ஊரும் அதில் உண்டு: கான்பூர்.