பரண்மேல் பட்டா

ஆகஸ்ட் 2

ராத்திரி இடி இடித்ததும் அம்மா எழுந்துவிட்டாள். அரிசி டின் கட்டில்மேல் ஏறியது. பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் பிளாஸ்டிக் கவரோடு பரணுக்குப் போயின. ஃபெஞ்சல் புயல் போய் எட்டு மாதமாகிறது. மயிலத்தில் 51 செ.மீ. கொட்டித் தீர்த்த அன்று, திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். சுவரில் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. சுண்ணாம்பு அடிக்க அம்மா விடவில்லை. இன்று பெய்தது வெறும் தூறல். விடியும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இருட்டோடு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கழுவெளிச் சதுப்புநிலத்துக்குப் போனேன்.

ஓரமெல்லாம் வற்றிச் சேறு தெரிகிறது. அந்தச் சேற்றுக்காகத்தான் பறவைகள் இத்தனை தூரம் பறந்து வருகின்றன. முழங்கால் தண்ணீர் நின்றால் பெரிய நாரைக்குச் சரி, கைப்பிடி அளவு உள்ளானுக்குக் கால் ஊன்ற இடமேது? பொரி உள்ளான்கள் வந்துவிட்டன, வாலை ஆட்டி ஆட்டி மேய்ந்தன. பவளக்காலி ஒன்று கத்திக்கொண்டே எழும்பிப் போனது. அப்புறம்தான் அதைப் பார்த்தேன்: மூக்கு நுனி கீழே வளைந்த சின்ன உள்ளான். வயிற்றில் செங்கல் நிறம் இன்னும் திட்டுத்திட்டாக உதிராமல் இருந்தது. சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடப் போனபோது போட்ட நிறம். இந்த இனத்தில் ஆண் குஞ்சு வளர்க்க நிற்பதில்லை, முதலில் கிளம்பிவிடும். பிறகு தாய்கள். குஞ்சுகள் கடைசியில், வழிகாட்ட யாருமில்லாமல் தாமாகவே தெற்கே வந்து சேரும். வெயில் ஏறி, கானல் ஆடி, கண் வலிக்கும்வரை நின்றேன். வெகுநாள் கழித்து நெஞ்சு லேசாக இருந்தது.

ஆகஸ்ட் 9

அண்ணன் போன் பண்ணினான். வீட்டை விற்றுவிட்டு அம்மாவை விழுப்புரத்துக்கே கூட்டிப்போகிறானாம்.

ஆகஸ்ட் 17

மரக்காணம் உப்பளம். பாத்தி ஓரம் உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தர், “ஏம்மா, குருவி பாக்கவா இம்மாந்தூரம் வந்த?” என்றார். கையைக் காட்டினார். விரலிடுக்கெல்லாம் வெடித்து வெள்ளையாய் இருந்தது. முந்தாநாள் மழையில் பாதி உப்பு கரைந்துவிட்டதாம்.

“மழைன்னா பயமா இல்லையா?”

“பயந்து? காஞ்சதும் மறுபடி தண்ணி கட்டணும். வேற என்னா பண்றது?”

பாத்தி வரப்பில் நெடுங்கால் உள்ளான்கள் அவரைச் சட்டை செய்யாமல் மேய்ந்தன. கழுவெளி 2021-இல் சரணாலயமானது, 2024-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இரண்டும் வேண்டியவைதான், மனசார மகிழ்ந்தேன். ஆனால் இந்த உப்பளங்களும் பறவைகளுக்குச் சோறு போடுகின்றன. அவற்றில் வெயிலில் வேகிறவர்களையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஆகஸ்ட் 18

மழை. எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 24

போகவில்லை. அம்மாவிடம் உப்பளக்காரம்மாவைப் பற்றிச் சொன்னேன். “அவங்களுக்கு வீடு எங்க?” என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். கேட்டுக்கொண்டு வரச் சொன்னாள்.

அண்ணன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஆள் கூட்டி வருகிறான். பட்டாவை எடுத்து வைக்கச் சொல்கிறான். நான் இன்னும் பரணில் கை வைக்கவில்லை. அம்மாவும் வாய் திறக்கவில்லை.