திரைச்சீலை தந்த பாடம்

சுபுஹுத் தொழுகையை முடித்து, ஓத வேண்டியதை ஓதி, முஸல்லாவை மடித்து வைத்த பிறகு எனக்கு அரைமணி நேரம் இருக்கிறது. வீட்டார் எழுந்து வரும்வரை அந்த அரைமணி நேரம் என்னுடையது. ஜன்னலோரத்தில் ஒரு மரப்பலகை. அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. பக்கத்தில் நான்கைந்து வண்ணக் குப்பிகள், மூன்று தூரிகைகள், ஓர் ஊசிப்பெட்டி. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இது என் வழக்கம். நோயும் பிரயாணமும் குறுக்கிட்ட நாட்கள் உண்டு. ஒரே ஒருமுறைதான் நெடுநாள் நின்றுபோயிற்று. அதைப் பின்னர் சொல்கிறேன்.

பெருமைக்காக இதை எழுதவில்லை. இந்த வழக்கம் எனக்கு வாய்த்த விதத்தில் ஒரு கசப்பும் ஒரு படிப்பினையும் இருக்கின்றன. வீட்டுக்குள் கைவேலை செய்யும் சகோதரிகளுக்குப் பயன்படக்கூடும் என்பதாலேயே எழுதத் துணிந்தேன்.

நான் பிறந்தது பத்தமடையில். உம்மா பாய் நெய்தவர்கள். கோரையைக் காயவைத்து, கீறி, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடியும் காயவைத்து, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்வார்கள். பட்டுப்பாய் என்றால் கோரையை இன்னும் மெல்லியதாகப் பிளக்க வேண்டும். விரல்நுனி தேய்ந்துவிடும். மணமக்களின் பெயர்களைப் பாயிலேயே எழுத்தாக நெய்து கொடுக்கும் வழக்கம் எங்கள் ஊருக்கு உண்டு. 1989-ஆம் ஆண்டு எனக்குத் திருமணமானபோது உம்மா தம் கையாலேயே அப்படி ஒரு பாய் நெய்து தந்தார்கள்.

வாழ்க்கைப்பட்டது மேலப்பாளையத்தில். மாமியின் வாப்பா குழித்தறியில் நெய்தவர்கள். மாமிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் குர்ஆனும் அரபுத்தமிழ்க் கிதாபுகளும் சரளமாக ஓதுவார்கள். ஒரு துணியை இரண்டு விரலுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லிவிடுவார்கள். என் கணவர் அப்போது தம்மாமில் வேலையில் இருந்தார்கள். வீட்டில் நானும் மாமியும் மட்டுமே. நீண்ட பகல்கள். 1992-இல் எங்கள் தெருவில் ஒரு சகோதரி வீட்டிலேயே ஃபேப்ரிக் பெயிண்டிங் கற்றுக்கொடுத்தார்கள். மாமியிடம் அனுமதி கேட்டேன். மறுப்புச் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு அவர்கள் விடுமுறையில் வருவதாகக் கடிதம் வந்தது. வரவேற்க ஏதேனும் செய்ய வேண்டுமென்று இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றில் வேலை தொடங்கினேன். தோகை விரித்த இரண்டு மயில்கள். தோகையின் ஒவ்வொரு கண்ணுக்கும் நீலம், பச்சை, பொன்னிறம் என மூன்று பூச்சு. ஓரமெங்கும் சங்கிலித் தையல். நான்கு மாதங்கள் ஆயின. முடித்துப் பார்த்தபோது, அதைக் கட்டிலில் விரித்துக் கசங்கவிட மனம் வரவில்லை. கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே திரையாகத் தொங்கவிட்டேன். தெருப்பெண்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். என் மனம் அந்த மயில்களைப் போலவே தோகை விரித்து நின்றது.

அன்று அஸர் நேரம் மாமி கூடத்துக்கு வந்தார்கள். திரையை ஒருகணம் பார்த்தார்கள். ஒன்றும் பேசாமல் முஸல்லாவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் பக்கத்துத் தாழ்வாரத்துக்குப் போய்த் தொழுதார்கள். மஃரிபுக்கும் அப்படியே. மறுநாளும் அப்படியே. கூடத்தில் கிப்லா திசையில் அந்தத் திரைதான் இருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் கைத்திறனைக் கண்டு மாமிக்குப் பொறாமை என்றே எண்ணினேன். இரண்டு வாரங்கள் நாங்கள் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் மட்டுமே பேசிக்கொண்டோம். அழுகையும் ஆத்திரமுமாகத் தம்மாமுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் கடிதத்தில் எனக்கு ஆறுதல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதில் இருந்தது ஒரு வரிதான்: உம்மாவிடமே கேள்.

கேட்டேன். மாமி முறத்திலிருந்து தலை நிமிராமலேயே சொன்னார்கள்:

"வேலை குத்தமில்லம்மா. உன் கை நல்ல கை. அது தொங்குற இடந்தான் சரியில்ல. தொழ நின்னா கண்ணு மயில்கிட்டப் போவுது. அதான் நான் இந்தப் பக்கம் வந்துட்டேன்."

பிறகு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டுத் திரைச்சீலையின் வரலாற்றைச் சொன்னார்கள். பிரயாணத்திலிருந்து திரும்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வீட்டில் உருவங்கள் உள்ள ஒரு திரை தொங்குவதைக் கண்டு முகம் மாறினார்கள். அன்னை அவர்கள் அதை அகற்றினார்கள், ஆனால் எறிந்துவிடவில்லை. அதைக் கிழித்துத் தலையணைகளாக ஆக்கிக்கொண்டார்கள். நானும் பின்னர் ஹதீஸ் மொழிபெயர்ப்பை வாங்கிப் படித்தேன். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி இருக்கிறது. உருவமில்லாத, வெறும் வேலைப்பாடுள்ள ஓர் ஆடைகூடத் தொழுகையில் கவனத்தை ஈர்த்ததால் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேலைப்பாடில்லாத ஆடையைக் கேட்டு வாங்கிக்கொண்ட செய்தியையும் அப்போதுதான் அறிந்தேன்.

அறிவு ஒப்புக்கொண்டது, மனம் ஒப்பவில்லை. நான்கு மாத உழைப்பு! திரையை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்தேன். ஆனால் பெட்டிக்குள் இருந்தும் அது என்னை விடவில்லை. மூன்று இரவுகள் உறக்கமில்லை. நான்காம் நாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு மாமியிடம் போய், "வெட்டிடலாம் மாமி, நீங்களே வெட்டுங்க" என்றேன். கத்தரியை என் கையிலேயே கொடுத்தார்கள்.

"இழை பார்த்து வெட்டணும். இல்லாட்டி துவைச்சா கோணிப்போவும்" என்று சொல்லி, துணியின் ஓரத்தில் ஒரு நூலைப் பற்றி மெதுவாக உருவினார்கள். அந்த நூல் போன தடம் துணியின் குறுக்கே நேர்க்கோடாய்த் தெரிந்தது. அந்தத் தடத்திலேயே கத்தரியை ஓட்டினேன். அது மயிலின் கழுத்து வழியாகப் போயிற்று. மறுமுனையை மாமி விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் இருவர் கண்களிலும் நீர் இருந்தது.

அந்தத் துணி தரையில் போட்டுச் சாய்ந்துகொள்ளும் நான்கு திண்டுகளுக்கு உறையாயிற்று. மிஞ்சிய துண்டுகளை மாமி எடுத்து ஒரு பையில் போட்டு வைத்தார்கள். விடுமுறையில் வந்த கணவர், ஒரு திண்டில் சாய்ந்தபடி, "இந்தப் பக்கம் மயிலோட காலு மட்டும் இருக்கு, தலை எங்கே?" என்று கேட்டபோது, மாமியும் நானும் சேர்ந்து சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுவே முதல் முறை.

உருவங்கள் பற்றிய சட்டங்களில் மார்க்க அறிஞர்களிடையே நுணுக்கமான கருத்து வேறுபாடுகள் உண்டு. தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என் அளவில் உயிருள்ளவற்றை வரைவதை விட்டேன். பிறகு எதை வரைவது என்ற கேள்வி எழுந்தது. ஓவியம் வரைந்து பிழைத்த ஒருவர் வந்து கேட்டபோது, மரங்களையும் உயிரற்ற பொருட்களையும் வரையலாமே என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டிய செய்தி எனக்குக் கதவு திறந்தது. முற்றத்து மாதுளை இலையில் தொடங்கினேன். ஓர் இலையை ஒழுங்காக வரையவே பல நாட்கள் ஆயின. காம்புக்கு அருகில் ஒரு பச்சை, நுனியில் வேறு பச்சை, வெயில் படும் பக்கம் ஏறக்குறைய மஞ்சள். அல்லாஹ்வின் படைப்பில் ஓர் இலைக்குள் இத்தனை இருக்கிறதே என்று வியந்தேன்.

பின்னர் கோலங்களுக்குப் போனேன். ஒரு சதுரத்தின்மேல் அதே அளவுள்ள இன்னொரு சதுரத்தை மூலை திருப்பி வைத்தால் எட்டு முனை நட்சத்திரம் பிறக்கும். நம் பள்ளிவாசல்களின் சுவரிலும் மரவேலையிலும் காண்கிறோமே, அதுதான். மாமி சேர்த்து வைத்த மயில் துண்டுகளை வெட்டி, அந்த நட்சத்திரங்களாக ஒட்டுப்போட்டுத் தைத்தேன். தோகையின் நீலம் இருந்தது, மயில் இல்லை.

துணியில் வரைவது அந்நிய நாகரிகம் என்று சிலர் என்னிடம் சொன்னதுண்டு. அப்படி இல்லை. கலம்காரி என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. கலம் என்றால் எழுதுகோல். கோல்கொண்டா சுல்தான்களின் காலத்தில் மசூலிப்பட்டினத்தில் இக்கலை செழித்தது. பாரசீக ரசனைக்கேற்பக் கொடிகளும் பூக்களும் நிறைந்த துணிகள் அங்கிருந்து கப்பலேறின. வேலைமுறையும் பொறுமையைக் கற்பிப்பது. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். பாலின் பசை சாயம் பரவாமல் காக்கும். இரும்பையும் வெல்லத்தையும் பல நாட்கள் ஊறவைத்துக் கறுப்பு மை எடுப்பார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் முதலில் படிகார நீரைத் தீட்டுவார்கள். பிறகு சாயத்தில் காய்ச்சினால், படிகாரம் பட்ட இடமே சிவப்பைப் பற்றிக்கொள்ளும். அந்தச் சிவப்புக்குச் சோழமண்டலக் கரையில் பயன்பட்டது, மணற்பாங்கான நிலத்தில் விளையும் சாயவேர்.

என் வேலை அத்தனை பெரிதல்ல. கடைக் குப்பி வண்ணந்தான். ஆயினும் அனுபவத்தில் கற்ற சிலவற்றைச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன். புதுத்துணியைத் துவைத்துக் கஞ்சி போக்காமல் வண்ணம் தீட்டாதீர்கள். முதல் சலவையிலேயே உதிரும். கெட்டியாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக இருமுறை பூசுவது மேல். ஒரு நாள் முழுதும் காய்ந்த பிறகு துணியின் பின்பக்கத்தில் சூடான இஸ்திரி போடுங்கள். மூன்று நாட்கள் கழியும்வரை தண்ணீரில் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாளைக்கு ஓர் இலை போதும். குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அது இபாதத்தைப் பற்றியது. ஆனால் கைவேலையில் அமர்ந்தபோதுதான் அதன் ஆழம் எனக்கு விளங்கிற்று. நான்கு மாதம் வெறியோடு வரைந்த மயில் எனக்குக் கர்வத்தைத் தந்தது. நாளுக்கொன்றாக வரைந்த இலை அமைதியைத் தந்தது. உறைகளும் விரிப்புகளும் விற்ற சிறு பணத்தில் ஒரு பங்கைத் தருமத்துக்கு ஒதுக்கினேன். தம் கையால் உழைத்துத் தருமம் செய்த அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களை அந்நேரங்களில் நினைத்துக்கொள்வேன்.

கடைசி ஆண்டுகளில் சர்க்கரை நோயால் மாமியின் பார்வை மங்கிவிட்டது. ஆயினும் நான் முடித்த ஒவ்வொரு துணியையும் மடியில் வாங்கி விரலால் தடவிப் பார்ப்பார்கள். "இந்த இடத்துல சாயம் கனத்துப்போச்சு" என்பார்கள். வெளிச்சத்தில் பார்த்தால் அங்கே கனத்துத்தான் இருக்கும். என் வேலையை அத்தனை கவனமாகப் பார்த்தவர் எவருமில்லை.

2011-இல் மாமி மௌத்தானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். குளிப்பாட்ட வந்த பெண்கள் கஃபன் துணியை என் முன்னால் வைத்தார்கள். வெள்ளைத் துணி, பெண்ணுக்கு ஐந்து துண்டுகள். மாமி கற்றுத்தந்தபடியே ஓரத்தில் ஒரு நூலை உருவி, அந்தத் தடத்தில் வெட்டினேன். மறுமுனையைப் பிடிக்க அன்று அவர்கள் இல்லை. வண்ணமில்லை, கரையில்லை, வேலைப்பாடு எதுவுமில்லை. துணியைத் தொட்டே தரம் சொன்னவர்கள் அந்தத் துணியில் போனார்கள்.

அதன்பின் பலகை முன் உட்கார எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதத்துக்கும் மேலாயிற்று. எல்லாத் துணியும் முடிவில் அந்த வெள்ளைத்துணிதானே, இனி எதற்கு வண்ணம் என்ற எண்ணம். ஒருநாள் சுபுஹுக்குப் பின் அலமாரியில் எதையோ தேடும்போது அந்தப் பழைய பை கைக்கு வந்தது. மயில் துண்டுகளுடன், நான் இதுவரை வெட்டி மிஞ்சிய எல்லாத் துணுக்குகளும் அதில் நிறம் பிரித்து மடித்து வைக்கப்பட்டிருந்தன. பார்வை மங்கிய பிறகும் மாமி சேர்த்து வந்திருக்கிறார்கள். சில மடிப்புகளில் நிறங்கள் மாறிக் கலந்திருந்தன. அன்று பலகையில் துணியைக் கட்டினேன். ஓர் இலை வரைந்தேன்.

சென்ற பெருநாளன்று என் பேத்தி, நூல் வெளுத்த பழைய திண்டு ஒன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "நன்னி, இதுல ஏன் காலு மட்டும் இருக்கு?" அவளை மடியில் இருத்தி, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் திரைச்சீலையிலிருந்து சொல்லத் தொடங்கினேன். கேட்டு முடித்ததும் தனக்கும் ஒரு தூரிகை வேண்டுமென்றாள். இப்போது வாரத்தில் ஒருநாள் என் அரைமணி நேரத்தில் அவளுக்கும் பங்கு உண்டு. மாதுளை இலையில்தான் தொடங்கியிருக்கிறாள்.

இதை வாசிக்கும் சகோதரிகள் என் மாமியின் மஃபிரத்துக்காக துஆச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.