பைப்பா, புகையிலையா?

உறையூர், திருச்சி

அன்புள்ள இளங்கோவுக்கு,

மாமா எழுதுவது.   அக்காவுக்கு, அதான் உன் அம்மாவுக்கு, முட்டி வலி இப்போது தேவலை. ஆனாலும் மாடிப்படி ஏற நான் விடுவதில்லை. மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள். காவிரியில் தண்ணீர் வந்ததும் தெருவில் எல்லோருக்கும் முகம் மலர்ந்திருக்கிறது.

நீ அமெரிக்காவிலிருந்து எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மாதம் 60 டாலர் ஒதுக்கியிருக்கிறேன், உன் மனைவி பானுவும் சரி என்றுவிட்டாள், பைப் வாங்கட்டுமா, புகையிலை வாங்கிச் சேர்த்து வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். தாத்தாவின் பேரன் கேட்கிற கேள்வியாடா இது? நம் ஊர்ச் சுருட்டு இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. அந்த வாயிலேயே புண் வந்து, கடைசி மாதங்களில் கஞ்சித் தண்ணீரை ஸ்பூனில் விட்டால்கூட விழுங்க முடியாமல் கண்ணில் நீர் வழியப் படுத்திருந்தார். நீ சின்னப் பையன் என்று அக்கா உன்னை அந்த அறைப் பக்கமே விடவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

பைப் புகையை உள்ளே இழுப்பதில்லை, சிகரெட் மாதிரி இல்லை என்று எழுதியிருக்கிறாய். இழுக்காவிட்டாலும் உதடு, நாக்கு, தொண்டை, உணவுக்குழாய் எல்லாவற்றிலும் புகை படத்தான் செய்கிறது. அங்கெல்லாம் புற்றுநோய் வரலாம். நுரையீரலும் முழுக்கத் தப்புவதில்லை. விட்டுவிடு என்பதுதான் என் முதல் புத்திமதி. கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் விட்டேன், உன்னாலும் முடியும். இப்போதைக்கு விட மாட்டாய் என்பது எழுத்திலேயே தெரிகிறது. அதனால் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இதில் சரியாக முடிவெடுத்தால் பணமும் மிஞ்சும், உடம்பும் கொஞ்சம் தப்பும்.

பைப்பில் போடு. அதையும் மூன்றோடு நிறுத்து. புகையிலையைச் சேர்த்து வைக்காதே.

நீ அனுப்பிய பட்டியலில் நானூறு டாலர் பைப்கூட இருக்கிறது. அவ்வளவு விலை எதற்கு? நல்ல பைப் பெரும்பாலும் பிரையர் மரத்தில் செய்வது. மத்தியதரைக் கடல் ஓரத்து மலைகளில் வளரும் ஒரு புதர்ச்செடி அது. மண்ணுக்குள் வேருக்கு மேலே முடிச்சு மாதிரி திரண்டிருக்கும் கட்டையைத் தோண்டியெடுத்து, வேகவைத்துச் சாறு போக்கி, மாதக்கணக்கில் உலர்த்திக் கடைவார்கள். உள்ளே நெருப்பு கனன்றாலும் சுலபத்தில் கருகாது. அறுபது டாலர் பைப்பிலும் அதே கட்டைதான். ரேகை அழகாக ஓடுகிறதா, மேலே குழி விழுந்ததை அடைத்திருக்கிறார்களா, யார் பெயர் பொறித்திருக்கிறது என்பதற்குத்தான் மேற்கொண்டு உள்ள காசெல்லாம்.

நீ பார்க்க வேண்டியது புகை வரும் துளையை. கடையில் கையில் வாங்கியதும் ஒரு பைப் கிளீனரை வாய் வைக்கும் முனையிலிருந்து உள்ளே விடு. எங்கும் முட்டாமல் வழுக்கிக்கொண்டு போய், புகையிலை போடும் கிண்ணத்துக்குள் தலை நீட்ட வேண்டும். நீட்டும் இடம் கிண்ணத்தின் அடிமட்டமாக, நட்டநடுவில் இருக்க வேண்டும். துளை மேலே ஏறியிருந்தால் அடியில் எப்போதும் ஈரப் புகையிலை மிச்சமாகி நாறும். இது சரியாக இருந்தால் விலை குறைவு என்று தயங்காமல் எடு.

பழைய பைப் என்றால் முகம் சுளிக்காதே. யாரோ பிடித்ததுதான், ஆனால் நல்ல பிரையர் பாதி விலைக்கு வரும். கிண்ணத்தில் உப்பைப் போட்டு, மதுசாரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு வைத்தால், உள்ளே ஊறிக் கிடந்த பழைய வாசனையெல்லாம் உப்பு பழுப்பேறி வெளியே வந்துவிடும். வாய் வைக்கும் முனையையும் நன்றாகச் சுத்தம் செய்துகொள்.

ஒன்றுக்கு மேல் எதற்கு என்றால், பிடித்து முடித்த பைப்புக்குள் ஈரம் இருக்கும். குறைந்தது ஒரு நாளாவது காய விட வேண்டும். இன்னொன்று, லட்டாக்கியா என்று விறகுப் புகை காட்டி உலர்த்திய இலை கலந்தது பிடித்தால், அந்த வாசனை பைப்பிலேயே தங்கிவிடும். அதற்கென்று ஒன்றைத் தனியாக வைத்துக்கொள். ஆக மூன்று போதும். அதில் ஒன்றை நீ காசு கொடுத்தே வாங்க வேண்டாம். கப்பல் டப்ளின் துறைமுகத்தில் நின்றபோது நான் வாங்கிய பீட்டர்சன், பீரோவில் இருக்கிறதே, அதை உனக்கென்றுதான் வைத்திருக்கிறேன். 1890இல் அந்தக் கம்பெனி காப்புரிமை வாங்கிய அமைப்பு அதில் இருக்கிறது. கிண்ணத்துக்குப் பின்னால் சின்னக் குழி ஒன்றில் ஈரம் வடிந்து தங்கும், முனையைக் கழற்றிக் கவிழ்த்தால் வந்துவிடும். வாயில் வைக்கிற இடத்திலும் துளை மேல்நோக்கித் திறக்கும். அதனால் புகை நேராக நாக்கைச் சுடாது. தை மாதம் ஊருக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ.

இன்னொன்று உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். நீ இருக்கும் செயின்ட் லூயிஸிலிருந்து மேற்கே காரில் ஒரு மணி நேரம் போனால் மிசூரி ஆற்றங்கரையில் வாஷிங்டன் என்ற சின்ன ஊர். 1869 முதல் அங்கே மக்காச்சோளக் கதிரின் நடுக்கட்டையில் பைப் செய்கிறார்கள். கம்பெனிக்கு மிசூரி மீர்ஷாம் என்று பெயர். கட்டை தடிமனாக விளையும் சோளமாகப் பார்த்துப் பயிரிட்டு, மணியை உதிர்த்துவிட்டுக் கட்டையை இரண்டு வருஷம் காய வைத்துக் கடைகிறார்கள். படங்களில் அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர் வாயில் பார்த்திருப்பாயே, அந்த ரகம்தான். பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கும், முதல் நாளிலிருந்தே நன்றாகப் புகையும். பானுவையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய் வா.

இப்போது புகையிலை. டின்களை வாங்கி அடுக்குகிறவர்கள் பயத்தில் அடுக்குகிறார்கள். பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2016இல் உங்கள் ஊர் உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) பைப் புகையிலையையும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பைப் புகையிலை செய்துவந்த மெக்லெலண்ட் கம்பெனியை 2018இல் மூடிவிட்டார்கள். டன்ஹில் பெயரில் வந்த டின்களும் அதையொட்டியே நின்றன. பிறகு அவையே பீட்டர்சன் பெயரில் திரும்பி வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வர்ஜீனியா இலை வருஷம் ஆக ஆக ருசி கூடும் என்பதும் மெய். அதில் சர்க்கரை அதிகம், மூடிய கண்ணாடி ஜாடிக்குள் மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். லட்டாக்கியா நேர்மாறு, நாள்பட்டால் காரம் தணிந்துவிடும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார். 50 கிராம் டின்னில் சுமார் இருபது தடவை பிடிக்கலாம். வாரத்துக்கு இரண்டு தடவை என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் ஒரு டின் பத்து வாரம் வரும், வருஷத்துக்கு ஐந்து டின் போதும். டின் பதினைந்து டாலர் என்றால் வருஷச் செலவு 75. உன் பட்ஜெட் 720. அதை முழுக்கப் புகையிலையில் போட்டால் ஒன்பது வருஷத்துக்கும் மேல் வருவதை ஒரே வருஷத்தில் வாங்கியிருப்பாய். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டோடு நிற்பாயா?

என் பயம் அதுதான் இளங்கோ. வீடு நிறைய முறுக்கு இருந்தால் பசிக்காத நேரத்திலும் கை டப்பாவுக்குப் போகும். அலமாரியில் பைப் பத்து இருந்தாலும் அது சும்மா கிடக்கும், உன்னைக் கூப்பிடாது. ஜாடி பத்து இருந்தால் கூப்பிடும். இது காய்ந்துவிடப் போகிறது, அது பதத்துக்கு வந்துவிட்டது, இதைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று வாரம் இரண்டு தினம் இரண்டாகிவிடும். கப்பலில் வரியில்லாத புகையிலை பெட்டி பெட்டியாக ஏறும். கூட வேலை பார்த்தவர்கள் அப்படித்தான் கூட்டிக்கொண்டே போனார்கள். அவர்களில் சிலர் இன்று இல்லை. பைப்புக்குக் கொடுத்த காசு மரமாகக் கையில் நிற்கும். புகையிலைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் உன் வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

ஆகவே இப்படிச் செய். சோளக்கட்டை பைப் ஒன்று, பார்த்துப் பொறுக்கிய பிரையர் ஒன்று, என் பீட்டர்சன் ஒன்று. அதோடு பைப் பட்டியலைக் கிழித்துப் போடு. வர்ஜீனியா ஒரு டின், லட்டாக்கியா கலந்தது ஒரு டின். திறந்ததும் சின்னக் கண்ணாடி ஜாடியில் மாற்றி இறுக மூடு. உங்கள் ஊர்க் குளிரில் ஹீட்டர் போட்டால் இரண்டு நாளில் சருகாகிவிடும். ஒன்று காலியாகாமல் அதற்கு மாற்று வாங்காதே. வீட்டுக்குள் பிடிக்கவே பிடிக்காதே, பாப்பா தவழ்கிற தரை அது. வாயில் ஒரு வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரம் ஆறாத புண்ணோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ. வருஷா வருஷம் பல் டாக்டரிடம் நாக்கடியைக் காட்டு.

முதல் வருஷம் இதெல்லாம் சேர்த்து இருநூறு டாலருக்குள் முடிந்துவிடும். மிச்சம் ஐந்நூறுக்கு மேல் இருக்கும். அதைப் பாப்பா பேரில் போடு.

அக்காவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. நான் சொல்லப் போவதில்லை, மறைக்கவும் என்னால் ஆகாது. தாத்தாவைப் பார்த்துக்கொண்டவள் அவள். தை மாதம் வரும்போது நீயே உட்கார்ந்து சொல். அதற்குள் நீ விட்டிருந்தால் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. பானுவுக்கும் பாப்பாவுக்கும் என் ஆசிகள். வாரம் தவறாமல் அம்மாவுக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
உன் மாமா