எங்கீங்க கொதிக்குது?

கோவை கணபதியில் உள்ள ஒரு ரேடியேட்டர் பட்டறையின் மேஸ்திரி, பானெட்டைத் தூக்குவதற்கு முன்பே வண்டிக்காரரிடம் கேட்டார்: "எங்கீங்க கொதிக்குது? மேட்டுலயா, சிக்னல்லயா?"

வண்டி பிரீமியர் பத்மினி. வண்டிக்காரர் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அப்பா வாங்கிய கார், விற்க மனசில்லை. எலக்ட்ரிக் ஃபேன் போட்டுவிடுவது என்று முடிவெடுத்தே வந்திருந்தார். "லட்சுமி மில் சிக்னல்லீங்க. ஊட்டிக்குப் போனா ஒண்ணும் ஆகறதில்லீங்க" என்றார். மேஸ்திரிக்கு அது போதுமாக இருந்தது.

பத்மினியின் 1089 சிசி எஞ்சினில் ஃபேன், வாட்டர் பம்பின் தண்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. பெல்ட் ஓடுகிற வேகம்தான் அதன் வேகம். பர்லியாறு தாண்டிக் குன்னூர் ஏறும்போது இரண்டாவது கியரில் எஞ்சின் அலறும், ஃபேனும் கூடவே அலறும். நீலாம்பூர் பைபாஸில் எழுபதில் போனால் எதிர்க்காற்றே போதும். சிக்னலில்தான் இரண்டும் கிடையாது. எஞ்சின் ஐடிலிங்கில் முனகுகிறது, ஃபேன் சோம்பிச் சுற்றுகிறது, முள் ஏறுகிறது. எலக்ட்ரிக் ஃபேனுக்கு வேலை இருப்பது இந்த இடத்தில். மேட்டில் கொதித்தால் ரேடியேட்டர் அடைப்பு, பம்பு, டைமிங் என்று வேறெங்கோ தேட வேண்டும். (அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு பெயரில் திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலத்தில் ஏறிவிட்டால் இவருக்கு ஃபேனே வேண்டியதில்லை. ஆனால் அவர் போக வேண்டிய பேங்க் பாலத்துக்குக் கீழே இருக்கிறது.)

ஃபேன் வாங்க உக்கடம் பழைய சாமான் கடைகளுக்கு மேஸ்திரியோடு நானும் போனேன். அவர் தேடியது மாருதி 800 ஃபேன். 1983 டிசம்பரில் வந்த அந்தக் காரில் எஞ்சின் குறுக்குவாட்டில் கிடப்பதால், முன்னால் நிற்கும் ரேடியேட்டருக்குப் பெல்ட் ஃபேன் எட்டாது. அதனால் மோட்டார் ஃபேன் வைத்தார்கள். கடைக்காரர் பெட்டியோடு ஒரு புது ஃபேனையும் எடுத்து நீட்டினார். மேலே பெரிதாகக் காற்றளவு அச்சடித்திருந்தது. மேஸ்திரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அளவெல்லாம் பெரும்பாலும் வெட்டவெளியில் சுற்றவிட்டு எடுத்தது; முன்னால் ஒரு ரேடியேட்டரை நிறுத்தினால் அவ்வளவு தேறாது. அவர் பழைய ஃபேனின் தண்டை ஆட்டிப் புஷ் தேய்மானம் பார்த்தார், கையால் சுற்றிவிட்டார், பேட்டரியில் கொடுத்து ஆம்பியர் மீட்டரைப் பார்த்தார். எட்டைத் தொட்டு நின்றது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937இல் மோட்டார் செய்த ஊரில், ஃபேன் என்றாலும் முதலில் மோட்டாரைத்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது.

எஞ்சின் பக்கம் வைத்து இழுக்க விடுவதா, கிரில் பக்கம் வைத்துத் தள்ள விடுவதா? இழுப்பதே மேல். முன்னால் வைத்த ஃபேன், வண்டி ஓடும்போது வருகிற காற்றையே மறைக்கும். பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு, பம்புப் புல்லிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஸ்கேலை விட்டு அளந்தார். மோட்டார் தடிமன் மயிரிழையில் அடங்கியது. அடங்காவிட்டால் முன்னால்தான் வைத்தாக வேண்டும். அப்போது வயரை மாற்றிக் கொடுத்துத் திருப்பிச் சுற்றவிட்டால் ஆகாதா என்று கேட்டேன். மோட்டார் திரும்பிச் சுற்றும். ஆனால் இறக்கையின் வளைவு அப்படியேதானே இருக்கும்? முறத்தைக் கவிழ்த்துப் பிடித்துப் புடைத்த கதைதான்.

எனக்குப் பிடித்தது அடுத்த வேலை. 16 அங்குலச் சதுரக் கோர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 256 சதுர அங்குலம். 12 அங்குல ஃபேன் மூடுவது 113தான். மூலைகளில் வெந்நீர் ஆறாமலே இறங்கும். அதற்குத்தான் கூடு. டிங்கர் ஒருவர் தகரத்தை வெட்டி, நான்கு பக்கமும் மடித்து, நடுவில் வட்டம் எடுத்து, கோரின் முதுகை முழுக்க மூடினார். விளிம்பில் ரப்பர் பட்டை, தகரத்துக்கும் கோருக்கும் நடுவே விரல் இடைவெளி. புது ஃபேனோடு வரும் நைலான் கட்டுகளைக் கோருக்குள் நுழைத்து இறுக்குவதைப் பற்றிக் கேட்டதும் மேஸ்திரிக்குக் கோபமே வந்துவிட்டது. "உராஞ்சு உராஞ்சு செம்புக் குழாய் ஓட்டையாயிருமுங்க. அப்புறம் இங்கதான் பத்த வைக்க வருவாங்க." ஃபேனை ஓடவிட்டு, கிரில் பக்கத்து மூலைகளில் ஊதுபத்தியைக் காட்டினார்கள். நான்கு மூலையிலும் புகை உள்ளே போனது.

எலக்ட்ரீஷியன் வந்து கையை விரித்தார். வண்டியில் இன்னும் டைனமோ. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோவே உச்சத்தில் 22 ஆம்பியர் கொடுத்தால் அதிகம். ஐடிலிங்கில் அதுவும் கிடையாது, சார்ஜ் லைட் சிவப்பாக எரியும். ஃபேன் ஓட வேண்டிய அதே நேரத்தில் கரண்ட் இல்லை. ஆக டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போட வேண்டும்; ஃபேன் செலவை விட அந்தச் செலவு பெரிது. தோப்புக்காரர் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுவிட்டு "சரிங்" என்றார். ரிலே, ஃபியூஸ், கூடவே தெர்மோ சுவிட்ச். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கிறதென்றால் ஃபேன் 90ஐத் தாண்டித்தான் ஓடத் தொடங்க வேண்டும். அதற்குக் கீழே வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது. டேஷ்போர்டில் கை சுவிட்ச் போதும் என்றார் வண்டிக்காரர். மறந்தால் எஞ்சின் போயிரும் என்றார் எலக்ட்ரீஷியன். கடைசியில் இரண்டையும் வைத்தார்கள்.

இதற்குள் ஒரு அம்பாசடர் வந்து நின்றது. பத்மினியைப் பார்த்ததும் அந்த டிரைவரும் "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு போடுங்ணா" என்றார். அதே கேள்வி. "அவிநாசி தாண்டி பைபாஸ்லீங்ணா, அறுவதுல போறப்ப." வண்டி ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரைக் கொடுக்கச் சொன்னார் மேஸ்திரி. தண்ணீரில் குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தது.

"ஃபேன் வேண்டாங்க. ஹெட் கேஸ்கட் போயிருச்சு. மெக்கானிக்குட்ட உட்டு ஹெட்டக் கழட்டச் சொல்லுங்க."