பறங்கியரும் நாமும்



மட்டக்களப்பு வாவிக் கரையில் பிறந்து வளர்ந்த எவருக்கும் பறங்கியரைத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் அவர்களையும் நம்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்குத் தோன்றியதில்லை. அவர்கள் தேவாலயத்துக்குப் போகிறவர்கள், நாம் பள்ளிவாசலை அண்டி வாழ்கிறவர்கள், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடுகிறோம். சம்பந்தம் இருக்கிறது. அவர்களுடைய கதையைக் கொஞ்சம் கவனித்தால், நம்முடைய வீடுகளில் நாம் பேசத் தயங்குகிற ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும்.

முதலில் பெயரைப் பாருங்கள். நம்மை 'மூர்' என்று அழைத்தவர்கள் போர்த்துக்கேயர். வட ஆபிரிக்காவிலும் ஸ்பெயினிலும் இருந்த முஸ்லிம்களை 'மூரோ' என்று சொல்லிப் பழகியவர்கள், 1505இல் இலங்கைக்கு வந்து நம் முன்னோரைக் கண்டதும் அதே பெயரைச் சூட்டினார்கள். ஆங்கிலப் பத்திரங்களில் இன்றும் நாம் 'ஸ்ரீ லங்கா மூர்' தான். அவர்களுக்கு நாம் இட்ட பெயர் 'பறங்கி'. ஐரோப்பியரைக் குறிக்க அறபிகளும் பாரசீகரும் வழங்கிய 'பிரங்கி' என்ற சொல்லின் திரிபுதான் அது. ஆக, இரு சாராரும் ஒருவர் மற்றவருக்கு வைத்த பெயரையே நானூறு, ஐந்நூறு வருடங்களாகச் சுமந்துகொண்டு திரிகிறோம்!

சரித்திரமும் அப்படித்தான் பின்னிக் கிடக்கிறது. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்கு உட்பட்ட கரையோரப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த கண்டி மன்னன் செனரத், சுமார் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அதற்கு முன்பே இந்தக் கரையில் முஸ்லிம்கள் இருந்தார்கள். இவர்கள் அவர்களோடு வந்து சேர்ந்தார்கள். இரண்டே வருடத்தில், 1628இல், துரத்தியவர்களும் இங்கேயே வந்து புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். ஆட்சி போனாலும், இங்கே மணம் முடித்துக் குடும்பமாகிவிட்டவர்களின் சந்ததி போகவில்லை. துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் துரத்தியவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே வாவியில் மீன் வாங்கி, ஒரே சந்தையில் மரக்கறி வாங்கிச் சீவித்து வருகிறார்கள்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. கடல் கடந்து வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அறபு நாட்டிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் வந்த வியாபாரிகள் இந்த மண்ணின் பெண்களை மணந்தார்கள். போர்த்துக்கேயச் சிப்பாய்களும் ஒல்லாந்தச் சிப்பாய்களும் அப்படியே. வாப்பா வழியில் வந்தேறிகள், உம்மா வழியில் இந்த மண்ணுக்குரியவர்கள். இரு சமூகமும் இதில் ஒன்று.

அப்படியானால் எங்கே பிரிந்தோம்? சொத்து யார் கைவழியாக இறங்கியது என்பதில்தான் பிரிந்தோம் என்று நான் நினைக்கிறேன்.

கிழக்கு முஸ்லிம்கள் இந்த மண்ணின் தாய்வழி முறையை ஏற்றுக்கொண்டார்கள். குடி தாய்வழியில் வந்தது. கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியிருந்தான். வீடும் வளவும் மகளுக்குப் போயின. பறங்கியர் தந்தைவழிக் குடும்பப் பெயரைக் காத்தார்கள். தகப்பனின் தொழிலும் பெரும்பாலும் மகனுக்குப் போனது. மட்டக்களப்புப் பறங்கியர் என்றால் தச்சு வேலை, இரும்பு வேலை, தையல், சப்பாத்துத் தைத்தல், துவக்குத் திருத்துதல், பிற்காலத்தில் மோட்டார் மெக்கானிக், வெல்டிங். கையில் தொழில் இருந்தது. காணி பூமி பெரிதாக இருக்கவில்லை.

எங்கள் மூத்த ராத்தாவுக்கு வாப்பா வீடு கட்டியபோது, கதவு நிலைகளும் யன்னல்களும் செய்ய மட்டக்களப்பிலிருந்து ஒரு பறங்கி ஓடாவியார் வந்தார். 1970களின் பிற்பகுதி அது. ஓட்டமாவடிப் பாலத்தில் ரயிலும் வாகனங்களும் மாறி மாறிப் போய்வந்த காலம். ஓடாவியார் வாழைச்சேனை ஸ்டேஷனில் இறங்கி, ஆயுதப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வருவார். முதிரைப் பலகையில் அவர் சீவுளி ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எங்களோடு நல்ல தமிழ் பேசுவார். தன் மகனை வேலை ஏவும்போது மட்டும் நமக்கு விளங்காத ஒரு பாஷை வரும். அது போர்த்துக்கேயக் கிரியோல் என்று பின்னாளில்தான் அறிந்தேன்.

ஒரு நாள் வாப்பா கேட்டார், "மகன்மாரும் இந்தத் தொழில்தானா ஓடாவியார்?" என்று. "வேற என்ன முதலாளி? எங்களுக்குக் கை மட்டும்தானே. கை ஓடுற மட்டும் சோறு" என்றார் அவர். அன்றிரவு வாப்பா உம்மாவிடம் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: "அவருக்குக் கை இருக்கு, காணி இல்ல. நமக்குக் காணி இருக்கு, கை இல்ல."

இதை விரித்துப் பார்ப்போம்.

பறங்கியர் எல்லோரும் ஒரே நிலையில் இருந்தவர்கள் அல்லர். கொழும்பில் ஆங்கிலம் படித்த ஒல்லாந்தப் பறங்கியர் வக்கீல்களாகவும் டாக்டர்களாகவும் அரசாங்க உத்தியோகத்தர்களாகவும் விளங்கினார்கள். 1833இல் சட்ட நிரூபண சபை ஏற்பட்டபோதே அவர்களுக்கு ஓர் அங்கத்தவர் கிடைத்தார். நமக்கென ஓர் அங்கத்தவர் கிடைத்தது 1889இல். இடையில் 56 வருடங்கள்! மதம் மாற்றிவிடுவார்களோ என்ற அச்சத்தில் மிஷனரிப் பாடசாலைகளை விட்டு நாம் ஒதுங்கி நின்ற காலம் அது. அந்தக் கவலையில்தான் அறிஞர் சித்திலெவ்வை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தார். 1892இல் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி உருவாகவும் உழைத்தார்.

அதே கொழும்புப் பறங்கியர், 1908இல் 'டச் பேகர் யூனியன்' அமைத்தபோது, ஐரோப்பியத் தந்தைவழியை நிரூபிக்கக் கூடியவர்களையே சேர்த்துக்கொண்டார்கள். கைத்தொழில் செய்த போர்த்துக்கேயப் பறங்கியரை 'மெக்கானிக்' என்று இளக்காரமாகச் சொன்னார்கள். செய்த தொழிலே வசைச் சொல்லாகிவிட்டது. பின்னர் 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்ததும், ஆங்கிலத்தை நம்பியிருந்த வசதியான பறங்கியர் ஆயிரக்கணக்கில் அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். மட்டக்களப்பு ஓடாவியாருக்கு அந்தப் பணமும் இல்லை, பத்திரமும் இல்லை. பலர் இங்கேயே இருந்தார்கள்.

1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. தொழிற்சாலைத் தளபாடமும் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் கடைக்கு வந்தபோது கைத்தொழிலின் மதிப்பு இறங்கியது. பிறகு யுத்தம், பலர் நாட்டை விட்டே போனார்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி, பறங்கிக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த டச்பாரை அடித்துக்கொண்டு போனது. வீடும் போய், தொழில் ஆயுதமும் போனால் கைத்தொழிலாளிக்கு மிஞ்சுவது என்ன? 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாடு முழுவதிலும் பறங்கியர் சுமார் 38 ஆயிரம் பேர். மட்டக்களப்பு மாவட்டத்தில் மூவாயிரத்துக்கும் குறைவு. நாமோ நாட்டில் 18 இலட்சத்து 90 ஆயிரம், இம்மாவட்டத்தில் ஒரு இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல். அவர்களுடைய கிரியோல் மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்கள் இன்று வயதானவர்கள்தான். ஆனாலும் கல்யாண வீடுகளில் கப்ரிஞ்ஞா ஆட்டத்தை அவர்கள் விடவில்லை.

இதைப் படித்துவிட்டு, "அல்ஹம்து லில்லாஹ், நாம் தப்பினோம்" என்று இருந்துவிட முடியுமா? நம் பக்கத்தையும் பார்ப்போம்.

பெண்ணுக்கு வீடு என்ற வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 1990 ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் எத்தனை பெண்கள் விதவைகளானார்கள்! வயலுக்குப் போக முடியாமல், வியாபாரம் படுத்து, வருமானமெல்லாம் நின்ற அந்த நாட்களிலும் வீடு தன் பெயரில் இருந்த பெண்ணை "வெளியே போ" என்று சொல்ல யாருக்கும் உரிமை இருக்கவில்லை. தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கும் அதுவே நிழல். நாட்டின் பல பகுதிகளில் பெண்ணுக்கு இல்லாத பாதுகாப்பு இது.

ஆனால் வீடு மகளுக்கு உரியது என்பது வேறு. வீடு கட்டி முடித்தால்தான் மகளுக்குக் கல்யாணம் என்பது வேறு. முன்னையது உரிமை. பின்னையது விலை. மார்க்கம் மஹரை மாப்பிள்ளையின் மீது கடமையாக்கியிருக்க, நாம் அதை ஒரு சிறு தொகையாக எழுதிவிட்டு, மறுபக்கத்தில் வீட்டையும் கைக்கூலியையும் பேரம் பேசுகிறோம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம்கூடக் கைக்கூலியை மனைவி திருப்பிக் கேட்கக் கூடிய பணமாகவே பார்க்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இந்த விலையை யார் கொடுக்கிறார்கள்? எங்கள் காக்கா 1983இல் சவூதிக்குப் போனபோது வயது 22. என் வீட்டுக்கும் தங்கையின் வீட்டுக்கும் கூரை போட்டு முடித்து அவர் கல்யாணம் செய்தபோது வயது 37. அந்த இரண்டு வீடுகளில் ஒன்றிலும் அவர் இன்று குடியிருக்கவில்லை. மனைவியின் வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டைக் கட்டியது அவருடைய மச்சான், கட்டாரில் உழைத்து! ஒருவருடைய இளமையில் இன்னொருவர் குடியிருக்கிறோம்.

ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் உம்மாவே போகிறாள், அல்லது படிக்க வேண்டிய மகள் போகிறாள். மூதூரிலிருந்து 2005இல் வறுமையின் காரணமாகச் சவூதிக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன ரிஸானா நபீக்கை 2013 ஜனவரி 9இல் இழந்தோம். கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பப்பட்ட பிள்ளை அவர். நாடே அழுதது. அழுது முடித்த பிறகும் நம் கல்யாணப் பேச்சு வார்த்தைகள் மாறவில்லை.

காணியும் பெருகுவதில்லை. என் உம்மாவுக்குக் கிடைத்த அரை ஏக்கர் வளவு மூன்று பெண்களுக்குப் பிரிந்து, எனக்கு வந்தது 26 பேர்ச்சஸ். அதில் மூத்த மகளுக்குக் கொடுத்தது போக மீதி 14. இளைய மகள் தாதியர் பயிற்சி முடித்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்கிறாள். இரண்டு சம்பந்தங்கள் வந்தன. "காணியை மகள் பெயரில் எழுதுவோம். வீட்டை அவர்கள் இருவரும் உழைத்து மெல்லக் கட்டட்டும்" என்றோம். இரண்டும் தட்டிப் போயின. என் மகளின் கையில் இருக்கும் தொழிலை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. எத்தனை அறை என்றுதான் கேட்டார்கள். அவளுடைய வாப்பாவும் நானும் சொன்ன சொல்லில் நிற்கிறோம். ராத்திரியில் தூக்கம் வராத நாட்களும் உண்டு, அதை மறைப்பானேன்?

பறங்கியரின் கையில் தொழில் இருந்தது; அது சரிந்தபோது தாங்கிப் பிடிக்க நிலம் இருக்கவில்லை. நமக்கு நிலமும் வீடும் இருக்கின்றன. அதைக் கட்டி முடிப்பதற்கே ஒரு தலைமுறையின் உழைப்பு கரைந்து, பிள்ளைகளின் படிப்புக்கும் தொழிலுக்கும் மிச்சமில்லாமல் போகிறது. இரண்டும் ஒரு கையில் சேர்ந்தால்தான் குடும்பம் நிமிரும்.

ஆகவே சகோதரிகளே, மகனைப் பெற்றவர்களிடம் முதலில் கேட்கிறேன். பெண் பார்க்கப் போகும்போது, வீட்டை அல்ல, பிள்ளை என்ன படித்திருக்கிறாள், என்ன தொழில் தெரியும் என்று கேளுங்கள். உங்கள் மகனையும் ஒரு தொழில் முறையாகப் பழகவிட்டு அனுப்புங்கள். தச்சு வேலையோ மின்சார வேலையோ எதுவானாலும் இளக்காரம் இல்லை. மகளைப் பெற்றவர்களே, காணித் துண்டை, எவ்வளவு சிறியதானாலும், அவள் பெயரிலேயே உறுதி எழுதுங்கள். அந்த நல்ல வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் வீடு முழுவதையும் கட்டித் தருவோம் என்று வாக்குக் கொடுக்க முன், அதற்காக வெளிநாடு போகப் போவது யார் என்று அவனையோ அவளையோ கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் ஊரில் இதை மாற்றிக் காட்டிய குடும்பம் ஏதும் இருந்தால் இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். வீடு கேட்காமல் கல்யாணம் முடித்த நாலு பேரின் கதை அச்சில் வந்தால், ஐந்தாவது ஆளுக்குத் துணிவு வரும், இன்ஷா அல்லாஹ்.