லாமிங்டன் சாலையில் ஒரு பழைய கணிப்பொறி

மும்பை மாநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மாதுங்கா கடைவீதியும் தாராவித் தெருக்களும் நன்கு பழக்கமானவை. லாமிங்டன் சாலையையோ, வீட்டில் ஏதேனும் மின்கருவி பழுதுபட்டாலன்றி, நம்மவர் நாடிச் செல்வதில்லை. ஒருமுறையேனும் நின்று நிதானமாகப் பார்க்கவேண்டிய சாலை அது.

தாதரில் மேற்கு ரயில்வேயின் ஸ்லோ லோக்கலில் தெற்கு நோக்கி ஏறினால் ஐந்தாவது நிலையம் கிராண்ட் ரோடு. கிழக்குப் பக்கமாக வெளியே வந்து சில நிமிஷம் நடந்தால் சாலை வந்துவிடும். 1903 முதல் 1907 வரை பம்பாய் மாகாணத்தின் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரால் இது வழங்குகிறது. டாக்டர் தாதாசாஹேப் பட்கம்கர் மார்க் என்பது அதிகாரபூர்வமான பெயர். 1975-ல் வெளிவந்த 'ஷோலே' படம் ஐந்தாண்டுகள் ஓடிய மினர்வா தியேட்டர் இருந்ததும் இந்தச் சாலையில்தான். இப்போது இதன் புகழ் மின்னணுச் சாமான்களால் ஏற்பட்டது.

நாம் அங்கே சென்ற காரணத்தைக் கூறிவிடுகிறோம். நம் சங்கத்தில் ஒரு குடும்பப் பதிவேடு இருந்தது. இன்னார் இன்ன ஆண்டில் வந்தார், சொந்தக் கிராமம் இது, தாலுகா இது, அழைத்து வந்தவர் இன்னார் என்று பெரியவர்கள் எழுதிவைத்த ஏடு. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதல்லவா? அந்த வெள்ளத்தில் ஏடு கூழாகிவிட்டது. எனினும் 1990-களின் தொடக்கத்தில் அதைக் கணிப்பொறியில் ஏற்றி, ஐந்தேகால் அங்குல பிளாப்பித் தட்டுகள் ஒன்பதில் பதிந்து, பரண்மேல் தகரப்பெட்டியில் வைத்திருந்தார்கள். தட்டுகள் பிழைத்தன; அவற்றைப் படிக்கும் பொறிதான் இல்லை.

மூன்றரை அங்குலத் தட்டாயின் இன்றைய கணிப்பொறியில் இணைத்துப் படிக்கும் கருவி கடைகளில் உண்டு. ஐந்தேகால் அங்குலத்துக்கு அது எளிதில் அகப்படுவதில்லை. ஆகவே பழைய பொறி ஒன்றையே பழைய உறுப்புகளைக் கொண்டு கட்டுவது என்று முடிவாயிற்று. இம்முயற்சிக்கு இடங்கொடுத்த விஷயம் ஒன்று உண்டு. 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதன் மின்னமைப்பு முழுவதையும் புத்தகமாக அச்சிட்டது. அதைப் பின்பற்றிப் பல நாட்டார் ஒரே அளவில் உறுப்புகள் செய்தனர். ஒரே கேஜ் இருந்தால் எந்த ஊர்ப் பெட்டியையும் எந்த ஊர் எஞ்சினோடும் கோக்கலாம் அன்றோ? அது போன்றதே இதுவும்.

பளபளக்கும் பெரிய கடைகளில் நம் கேள்விக்குச் சிரிப்பே பதிலாக வந்தது. ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கடையில்தான் காரியம் கைகூடியது. கடைக்காரர் முதியவர், ஹிந்தியில் பேசினார். "அண்ணா, பழைய 486 சிப்பில் தங்கம் இருக்கிறது. அதற்காக எடைபோட்டு வாங்கி உருக்கிவிடுகிறார்கள். நீங்கள் பத்து வருஷத்துக்கு முன் வந்திருந்தால் மூட்டையாகக் கொடுத்திருப்பேன்" என்றார். பிறகு மூன்று வாரங்களில் போர்டு ஒன்றும், டிரைவ் ஒன்றும், நினைவகத் துண்டுகள் இரண்டும் தேடிக் கொடுத்தார்.

போர்டின் பேட்டரி கசிந்து, செப்புக் கோடுகள் பச்சை பூத்திருந்தன. அந்தக் கசிவு காரத்தன்மை உடையது. ஆகையால் வினிகரைப் பஞ்சில் தோய்த்துத் துடைத்து, நீரால் கழுவி உலர்த்தினார். அறுபட்டிருந்த இரண்டு கோடுகளுக்கு மயிர்போன்ற கம்பியை வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். பவர் சப்ளையிலிருந்து வரும் இரண்டு பிளக்குகளும் ஒன்றேபோல் இருக்கும். கறுப்புக் கம்பிகள் நடுவில் அடுத்தடுத்து வரும்படி செருகவேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு கருகிவிடும். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகக் கேமராவில் இடும் பழைய மெமரி கார்டு ஒன்றை அடாப்டரில் பொருத்தினார். விசையை அழுத்தியதும் நினைவகத்தை எண்ணும் எண்கள் திரையில் ஏறின. எட்டு மெகாபைட்டில் நின்றன.

தட்டுகளுள் ஒன்றில் மழைக்காலப் பூஞ்சை படர்ந்திருந்தது. அதை முதலில் போட்டால் படிக்கும் தலை அழுக்கேறி, மற்றத் தட்டுகளையும் கீறிவிடும் என்று கூறி, கடைசிக்கு ஒதுக்கினார். எட்டுத் தட்டுகள் குறைவின்றிப் படிந்து வந்தன. ஆனால் திரையில் தெரிந்தவை தமிழ் எழுத்துகள் அல்ல, கோடுகளும் கட்டங்களுமே. அக்காலத்தில் இந்திய மொழிகளைத் தட்டச்சுச் செய்ய, புனேயின் சி-டாக் நிறுவனம் அளித்த 'ஜிஸ்ட்' அட்டையைப் பொறியில் பொருத்துவார்கள். நம்மிடம் அவ்வட்டை இல்லை. எனினும் அது பயன்படுத்திய 'இஸ்கி' குறியீட்டு முறையை அடிப்படையாகக் கொண்டே இன்றைய யூனிக்கோடின் இந்திய எழுத்து வரிசைகள் அமைந்தன. ஆதலால் கோப்புகளை மெமரி கார்டு மூலம் வீட்டுக் கணிப்பொறிக்குக் கொணர்ந்து மாற்றியதும், ஊர்ப்பெயர்கள் நல்ல தமிழில் வந்து நின்றன.

தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் பலருக்கு, "திருநெல்வேலிப் பக்கம்" என்பதற்கு மேல் சொந்த ஊரைப் பற்றிச் சொல்லத் தெரியாது. அவர்களுக்குரிய கிராமமும் தெருவும் இப்போது கையில் இருக்கின்றன.

ஒன்பதாவது தட்டில் பாதிக்குமேல் படிக்க இயலவில்லை. 'வ' என்னும் எழுத்தில் தொடங்கும் குடும்பத் தலைவர்களின் விவரங்கள் அதில் இருந்தவை. அக்குடும்பத்தார் தங்கள் ஊர், வந்த ஆண்டு, அழைத்து வந்தவர் பெயர் ஆகியவற்றை, வீட்டில் முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதி, சங்கக் காரியாலயத்தில் சேர்ப்பிக்க வேண்டுகிறோம். பழைய பிளாப்பித் தட்டுகள் வைத்திருக்கும் அன்பர்களும் தாமதியாமல் கொண்டுவரலாம். காந்தப் பூச்சு ஆண்டுதோறும் நலிகிறது; நாம் கட்டிய பொறியின் டிரைவும் பழையதே. ஞாயிறு காலைகளில் அதைக் காரியாலயத்தில் இயக்குகிறோம்.