சீட்டு இல்லாத கற்கள்

அப்பா லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் இது பெரிய விஷயமில்லை. எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் மாதத்தில் இருபது நாள் ரோட்டில்தான் இருப்பார்கள். வடக்கே போய்த் திரும்பும்போது ஒருவர் கம்பளி கொண்டுவருவார், ஒருவர் பேடா கொண்டுவருவார். அப்பா அவற்றோடு ஒரு கல்லும் கொண்டுவருவார். டூல்ஸ் பெட்டியில் ஜாக்கிக்கும் ஸ்பேனருக்கும் நடுவே கிரீஸ் துணியில் சுற்றி வைத்திருப்பார். திண்ணையில் உட்கார்ந்து துணியைப் பிரித்து என் உள்ளங்கையில் கல்லை வைப்பார். எந்த ஊர், எந்த மலையிறக்கம், பஞ்சர் ஆகி நின்ற இடத்தில் அது எப்படிக் கண்ணில் பட்டது என்றெல்லாம் சொல்வார். ஆவென்று கேட்டுக்கொண்டிருப்பேன். எழுதி வைக்கத் தோன்றியதே இல்லை.

அவர் போய் முப்பது வருஷம் ஆகிறது. இரண்டு பிஸ்கட் டின்களில் நாற்பத்து மூன்று கற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் என்ன கல் என்று இன்று என்னால் சொல்ல முடியும். எங்கே பிறந்த கல் என்பதைத்தான் பெரும்பாலானவற்றுக்குச் சொல்ல முடியாது.

அவர் இறந்த பிறகுதான் நானாகச் சேர்க்க ஆரம்பித்தேன். முதல் சில வருஷம் பளபளப்பைப் பார்த்தே எடுத்தேன். ஒரு நாள் புவியியல் கற்பித்த ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கார்னெட் மணிகள் பதிந்த ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "எங்கே எடுத்தது?" என்றார். "ராசிபுரம் பக்கம்" என்றேன். "பக்கம்னா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் திட்டவில்லை. கல்லை இருந்த இடத்திலேயே மெல்ல வைத்துவிட்டார். அன்று இரவு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அதன் பிறகு என் கையில் வந்த எந்தக் கல்லும் சீட்டு இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. கல்லின் ஒரு மூலையில் வெள்ளைப் பெயிண்ட் பொட்டு, அதன் மேல் கறுப்பு மையில் எண். அதே எண் நோட்டில், அதோடு ஊர், காட்டின் பேர், கிணற்று மேடா ஓடையா ரோட்டு வெட்டா, தேதி, கூட இருந்தவர் யார் என்பது வரை.

இதை எனக்கு முன்னால் இந்த மண்ணிலேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். 1863-ல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட். 1860களில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து சேலம் ஜில்லாவின் பாறைகளை நடந்தே ஆராய்ந்தவர். பிற்காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார். அவர் சேர்த்த கற்கருவிகளை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அவற்றுக்கு அவர் எழுதிய பட்டியல் 1912-ல் அவர் காலமான பிறகுதான் அச்சாகி வந்தது. ஜில்லா வாரியாக, இடம் வாரியாக எழுதிய பட்டியல் அது. அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அலமாரி நிறைய உடைந்த கூழாங்கல்தான் மிஞ்சியிருக்கும். ஏற்காடு தேவாலயத்தில் அவருக்கு நினைவுக் கல் இருக்கிறது. மலை ஏறும்போதெல்லாம் அங்கே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வருவேன்.

எங்கள் சமவெளியில் கல் தேட மலை ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கிணற்று மேடு போதும். கொங்குக் காடுகளில் கிணறு வெட்டியபோது மேலே கொட்டிய கல் தலைமுறையாக அப்படியே கிடக்கிறது. காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அரை நாள் உட்கார்ந்தால், பூமிக்குள் அறுபதடியில் என்ன இருக்கிறது என்று கையில் எடுத்துப் பார்க்கலாம். வெங்கச்சாங்கல், காக்காப்பொன், பச்சைப் படலம் ஓடிய கருங்கல். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். போர் போடும்போது எகிறும் தூளின் நிறத்தை வைத்தே இன்னும் எத்தனை அடியில் பாறை மாறும் என்று கணிப்பார்கள். எந்த வகுப்பிலும் உட்காராமல் அந்த அறிவை அவர்கள் சம்பாதித்திருக்கிறார்கள்.

சேலம் பக்கம் போனால் வெள்ளைக்கல். ஓமலூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போதே மேடுகள் சுண்ணாம்பு பூசியதுபோல் தெரியும். ஆங்கிலேயர் அவற்றைப் பார்த்து 'சாக் ஹில்ஸ்' என்று பேர் வைத்தார்கள். அங்கே சாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. அது மாக்னசைட். எலுமிச்சை பிழிந்து பாருங்கள்: சுண்ணாம்புக்கல் நுரைக்கும், வெள்ளைக்கல் சும்மா இருக்கும். ஆலிவின் நிறைந்த டுனைட் பாறைக்குள் கரியமில வாயு கலந்த நீர் புகுந்து, வெடிப்பு வெடிப்பாக வெள்ளை நரம்பு ஓடவிட்டிருக்கிறது. அதைச் சுட்டு எடுக்கும் மக்னீசியா 2,800 டிகிரி வரை உருகாது. அதனால்தான் எஃகு ஆலைகளின் உலைச் செங்கலுக்கு அது போகிறது. என்னிடம் உள்ள துண்டு காலிஃபிளவர்போல் குண்டு குண்டாக இருக்கும். பார்க்க வருபவர்கள் அதைத்தான் முதலில் தாண்டிப் போவார்கள். எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். எங்கோ ஒரு உலையில் இரும்பு கொதிக்கும்போது, அந்த வெப்பத்தைத் தாங்கிப் பிடித்திருப்பது இதன் உடன்பிறப்பு.

சித்தம்பூண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. நாமக்கல் மாவட்டத்தில் சோளமும் கடலையும் விளையும் செம்மண் காடுகளுக்கு நடுவே, வெயிலில் கண் கூசும் வெளிர்ப் பாறை கிடக்கிறது. அனார்த்தோசைட் என்பது அதன் பேர். கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பாரால் ஆனது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. ஏ. பி. சுப்ரமணியம் 1956-ல் இதைப் பற்றி எழுதிய ஆய்வு உலகமெங்கும் படிக்கப்பட்டது. பௌர்ணமி நிலாவில் வெளுத்துத் தெரியும் மேட்டுப் பகுதிகளும் இதே வகைப் பாறைதான். சந்திரயான் இறங்குகலத்தைப் பழக்கிப் பார்க்க இஸ்ரோவுக்கு டன் கணக்கில் நிலா மண் வேண்டியிருந்தது. சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை எடுத்து, சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையும் உதவ, பொடியாக்கிப் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். செய்முறைக்கு 2020-ல் இஸ்ரோவுக்குக் காப்புரிமை கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 23 மாலை டிவியில் விக்ரம் மெல்ல இறங்குவதைப் பார்த்தபோது, என் மடியில் 61-ஆம் எண் கல் இருந்தது. எங்கள் ஊர் மண்ணில் இறங்கப் பழகிப் போனது அந்தக் கலம். அன்று அழுதேன் என்று சொல்வதில் எனக்கு ஒன்றும் இல்லை.

அந்தப் பாறையில்தான் சிவப்புக் குருந்தமும் கிடைக்கிறது. மாணிக்கத்தின் இனம், கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படி. பெரும்பாலும் ஒளி புகாத கரடான கல். மோதிரத்துக்கு ஆகாது, சாணைக்கு ஆகும். சார்ல்ஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர், கனிமம் சேர்ப்பதில் தீராத ஆசை கொண்டவர், 1798-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்தக் கல்லைப் பற்றி ஒரு கட்டுரை தந்தார். இன்று உலகம் சொல்லும் 'கொரண்டம்' என்ற பேர் நம் குருந்தம்தான். அவருடைய நண்பர் பூர்னோன் 1802-ல் ஆங்கிலேயர் 'கர்னாட்டிக்' என்று சொன்ன பகுதியிலிருந்து போன குருந்தத்தைச் சுற்றியிருந்த வெள்ளைக் கனிமத்துக்கு 'இந்தியனைட்' என்று பேர் வைத்தார். அது நிலைக்கவில்லை. 1823-ல் வெசுவியஸ் பக்கத்துக் கல்லைப் பார்த்து ஜெர்மானியர் குஸ்டாவ் ரோஸே வைத்த 'அனார்த்தைட்' என்ற பேர் நின்றுவிட்டது. இரண்டும் ஒரே கனிமம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனாலும் சாணைக்காரர் வாயில் புழங்கிய குருந்தம் என்ற சொல்லை எந்தப் பண்டிதராலும் மாற்ற முடியவில்லை என்பது பெரிய ஆறுதல்.

ரத்தினக் கல் பக்கம் நான் அதிகம் போனதில்லை. காங்கேயம், கரூர் வட்டாரத்தில் சந்திரகாந்தக் கல்லும் நீலக் கல்லும் காகிதப் பொட்டலத்தில் கைமாறும். 1990களில் சங்ககிரி வட்டத்தில் மரகதம்கூடக் கிடைத்தது. தரகரிடம் எந்த ஊர் என்று கேட்டால் சிரிப்பார். ஊரைச் சொல்லாமல் இருப்பதுதான் அவர் தொழில், அதில் குற்றம் காண முடியாது. ஆனால் பட்டை தீட்டிய கல்லில் அது ஒட்டியிருந்த பாறை போய்விடுகிறது. தாய்ப்பாறையோடு இருக்கும் மங்கல் கல்தான் எனக்கு வேண்டும்.

விண்கல்லுக்கு வருகிறேன். வானத்திலிருந்து வந்தாலும் அதற்குப் பேர் விழுந்த ஊரின் பேர்தான். உலகம் முழுக்க அதுதான் வழக்கம். 1857 பிப்ரவரி 28 அன்று மதுரை ஜில்லாவில் விழுந்த கல் 'பர்னல்லி' என்று பட்டியலேறியது. வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்து, இன்றுவரை அப்படியே இருக்கிறது. 'சேலம்' என்ற பேரிலும் ஒரு விண்கல் உண்டு. அது நம் சேலம் இல்லை, அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்துச் சேலம்; 1981-ல் விழுந்தது. நம் நாட்டில் விழும் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையுடையது. அவர்களிடம் ஒப்படைப்பதே முறை.

அப்பாவின் டின்னில் ஒரு கறுப்புக் கல் உண்டு. "இது வானத்திலிருந்து விழுந்தது கண்ணு" என்று சொல்லித்தான் தந்தார். கனமாக இருக்கும், காந்தம் ஒட்டும். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்ப் பெருமையடித்திருக்கிறேன். நாற்பது வயதில்தான் லென்ஸ் வைத்துப் பார்க்கும் துணிச்சல் வந்தது. உடைந்த முகத்தில் குமிழ்க் குழிகள். விண்கல்லில் அப்படிக் குமிழ்கள் இருப்பது அபூர்வம். பக்கத்திலேயே விரல் நீளத்துக்கு ஒரு கரித்துண்டின் அச்சு பதிந்திருந்தது. இரும்புச் சிட்டம். உலையில் இரும்பு உருக்கும்போது வழிந்த கழிவு.

அன்று மனசு கனத்துப்போனது. சில நாள் கழித்து, வேறு கண்ணோடு அதைக் கையில் எடுத்தேன். கஞ்சமலையின் காந்தக் கல்லை உருக்கி எஃகு செய்த வட்டாரம் இது. ஹீத் என்ற ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தது சேலத்து இரும்புக்கல்லை நம்பித்தான். அதற்கு முன்னும் பின்னும் ஆட்டுத்தோல் துருத்தி வைத்து ஊதியவர்களின் பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை. யாரோ ஒருவர் அள்ளிப் போட்ட கரி இந்தக் கல்லில் அச்சாகக் கிடக்கிறது. ஆனால் அது கஞ்சமலை அடிவாரத்துச் சிட்டமா, ஜார்க்கண்டில் ஒரு டாபாவுக்குப் பின்னால் பொறுக்கியதா? அப்பா சொல்லியிருப்பார். நான் கேட்டிருப்பேன்.

மற்றவற்றில் சில, தம் ஊரைத் தாமே பாதி சொல்லும். வரி வரியான அகேட் குஜராத்துப் பக்கமாக இருக்கலாம். பச்சைப் பளிங்குபோல் சதுரப் படிகங்கள் கொண்ட அபோபிலைட் நிச்சயம் மகாராஷ்டிராக் கல், 6.6 கோடி ஆண்டுக்கு முன் தக்காணத்தில் பெருகி ஓடிய எரிமலைக் குழம்பின் பொந்துகளில் விளைந்தது. ஆனால் புனேயா, நாசிக்கா, ஜல்காவா? மூன்று இடத்திலும் கிடைக்கும்.

போன தை மாதம் டின்னைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எண்பத்திரண்டு வயது, கண் மங்கல். பச்சைக் கல்லைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார்.

"இது வெங்காய லோடுல வந்ததில்ல?"

நான் துணியைக் கீழே வைத்தேன்.

"ஆடி மாசம் பொறந்தா அங்க ஏதோ விரதம் வரும் கண்ணு. ஜவ்வரிசிக்குக் கிராக்கி. உங்கப்பாரு சேலத்துல ஜவ்வரிசி ஏத்திக்கிட்டு நாசிக்கு போவாரு, வெங்காயம் ஏத்திக்கிட்டு வருவாரு. உன்ற தங்கச்சி வயித்துல, எனக்கு நெற மாசம். மூட்டைய எறக்கறப்ப இது கீழ விழுந்து இந்த முனை போச்சு. அதுக்கு ஒரு நாள் முழுக்க மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தாரு."

முனை உடைந்திருப்பதை நான் பல வருஷமாகப் பார்க்கிறேன். படிகத்தின் பிளவு என்று நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு டின்னை அவர் பக்கம் நகர்த்தி, அடுத்த கல்லை எடுத்துக் கொடுத்தேன். தடவிப் பார்த்துத் தலையசைத்தார். அதற்கடுத்தது. அதுவும் தெரியவில்லை. மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனார். "இது பருத்திக்கொட்டை..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "இரு, யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

அன்றிரவு புதுச் சீட்டு எழுதினேன். எண் 212. அபோபிலைட். நாசிக். வெங்காய லோடு. 1978 ஆடி. எடுத்தவர் அப்பா. சொன்னவர் அம்மா. முனை உடைந்தது நாமக்கல்லில்.